ஹிஜாபும் மேற்குலகும் – ஒரு வரலாற்றுப் பார்வை

  



ஹிஜாப் ஒரு மார்க்கக் கடமை என்பதை மிம்பர்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். இன்று அதன் சட்டங்களை விளக்க முற்படாமல் அதன் அண்மைக்கால வரலாற்றைப் பார்ப்போம். முஸ்லிம்கள் சிறுபான்மையினராக வாழும் மேலை நாடுகளில் ஒரு முழத் துணியை முன்வைத்து நாடாளுமன்றங்கள் கூடின, நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன, பள்ளிக்கூட வாசல்கள் மூடின, திறந்தன. அந்தத் துணியை அணிந்தவர்களுள் பலர் பதினொன்று, பன்னிரண்டு, பதினான்கு வயதுச் சிறுமியர். படிப்பா, முக்காடா என்ற கேள்வி அவர்கள் முன் வைக்கப்பட்டது. அவர்கள் என்ன செய்தார்கள், சமுதாயம் அவர்களுக்கு எவ்வாறு துணை நின்றது என்பதில் நமக்கும் நம் பெண்மக்களுக்கும் நிறையப் படிப்பினைகள் உள்ளன.

கட்டளை வந்த வரிசை

திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயமான சூரத்துந் நூரில் 30ஆம் வசனம் முதலில் ஆண்களிடம்தான் பேசுகிறது. பார்வையைத் தாழ்த்துமாறும் கற்பைக் காக்குமாறும் இறைநம்பிக்கை கொண்ட ஆண்களுக்கு ஆணையிட்ட பிறகே, 31ஆம் வசனம் பெண்களை நோக்கித் திரும்புகிறது. முக்காட்டை மார்பின்மீது தாழ்த்திக்கொள்ளும் கட்டளை அங்கேதான் இடம்பெறுகிறது. 33ஆம் அத்தியாயத்தின் 59ஆம் வசனம் இதன் நோக்கத்தையும் சொல்லிவிடுகிறது. முஃமினான பெண்கள் கண்ணியமானவர்கள் என அடையாளம் காணப்பட வேண்டும்; அவர்களுக்கு எவரும் தொல்லை தரக் கூடாது.

இந்த வசனம் இறங்கியபோது மதீனத்துப் பெண்கள் தங்களிடமிருந்த கனத்த துணிகளைக் கிழித்து உடனே முக்காடாக்கிக்கொண்டார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அவர்களை எந்தக் காவலரும் கட்டாயப்படுத்தவில்லை. உள்ளத்தில் ஊன்றிய ஈமான்தான் அந்தத் துணியை எடுக்க வைத்தது. பின்னர் வரும் செய்திகளைப் புரிந்துகொள்ள இதை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

முக்காடு ஐரோப்பாவுக்குப் புதியதா?

முக்காட்டைக் கண்டதும் ஏதோ அந்நியப் பொருள் நுழைந்துவிட்டது போல மேற்குலகில் சிலர் பேசுகின்றனர். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. பெண்கள் தலையை மறைத்து வழிபட வேண்டும் என்ற போதனை பவுலின் கடிதத்தில், கிறித்தவர்களின் புதிய ஏற்பாட்டிலேயே உள்ளது. 1917ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஆலயத்தில் பெண்கள் தலையை மறைக்க வேண்டும் என விதித்திருந்தது. 1983ஆம் ஆண்டு வெளியான புதிய தொகுப்பில்தான் அவ்விதி இடம்பெறாமல் போனது. கன்னியாஸ்திரீகள் தலையை மறைக்கிறார்கள். வைதிக யூதக் குடும்பங்களில் மணமான பெண்கள் கூந்தலை மறைக்கிறார்கள். ஈஸா (அலை) அவர்களின் தாயார் மர்யம் (அலை) அவர்களை ஐரோப்பிய ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாக முக்காடு இட்ட நிலையிலேயே வரைந்து வந்தார்கள். இங்கிலாந்தின் இரண்டாம் எலிசபெத் ராணியார் தம் ஓய்வு நாட்களில் தலையில் துணி கட்டி நடமாடியதை உலகமே படங்களில் பார்த்தது.

ஆக, துணி ஐரோப்பாவுக்குப் புதியதன்று. ஒரு காலத்தில் தாங்கள் ஆண்ட மக்களின் பிள்ளைகள், தங்கள் நடுவே சமமாக அமர்ந்து, தங்கள் மார்க்க அடையாளத்தோடு படிக்க வந்ததுதான் புதியது.

அல்ஜீரியாவின் வெள்ளைத் துணி

இந்தக் கதையின் வேர் பிரான்ஸில் இல்லை, அல்ஜீரியாவில் இருக்கிறது. 1830இல் பிரெஞ்சுப் படை அல்ஜீரியாவில் இறங்கியது. நூற்று முப்பதாண்டுகளுக்கு மேல் அந்த முஸ்லிம் நாடு பிரான்ஸின் பிடியில் இருந்தது. அங்கே பெண்கள் போர்த்திய வெள்ளை ஆடைக்கு ஹாயிக் என்று பெயர். நம் பாட்டிமார் வெளியே செல்லும்போது போர்த்திக்கொண்ட வெள்ளைத் துப்பட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்; ஏறத்தாழ அது போன்றதுதான்.

1954இல் விடுதலைப் போர் மூண்டது. போர் உச்சத்தில் இருந்த 1958 மே மாதத்தில் அல்ஜியர்ஸ் நகரப் பொதுவெளியில் கூட்டம் கூட்டப்பட்டு, பெண்களின் ஹாயிக்கை அகற்றும் சடங்குகள் நடத்தப்பட்டன. பெண் விடுதலை என்று அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. அதே காலத்தில் அந்தப் பெண்களின் கணவன்மாரும் சகோதரர்களும் சிறைகளில் சித்திரவதைக்கு உள்ளாகிக்கொண்டிருந்தார்கள். அல்ஜீரியாவின் பிளிதா நகர மருத்துவமனையில் பணியாற்றிய மனநல மருத்துவர் ஃபிரான்ட்ஸ் ஃபனோன் இதை 1959இல் எழுத்தில் பதிவு செய்தார். அவர் முஸ்லிம் அல்லர்; மார்த்தினீக் தீவைச் சேர்ந்த கறுப்பினத்தவர். முக்காட்டை அகற்றினால் அந்தச் சமூகத்தின் எதிர்ப்புணர்வையும் அகற்றிவிடலாம் என ஆட்சியாளர் கணக்கிட்டனர் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். கணக்கு பொய்த்தது. அதுவரை ஹாயிக்கை விட்டிருந்த பெண்கள் கூட அதை மீண்டும் போர்த்திக்கொண்டார்கள். 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்ஸின் தொழிற்சாலைகளுக்கும் கட்டுமானப் பணிகளுக்கும் ஆள் தேவைப்பட்டது. அல்ஜீரியா, மொராக்கோ, துனீசியாவிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். 1970களின் நடுவில் புதிய தொழிலாளர் வருகை நிறுத்தப்பட்டு, ஏற்கெனவே இருந்தவர்களின் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. நம் காரைக்கால், புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமையோடு சென்ற தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் அங்கே உண்டு. அலுவலகங்களைத் துடைக்க வந்த தாயின் தலையில் முக்காடு இருந்தபோது எவரும் அதை நாட்டுக்கு ஆபத்து என்று சொல்லவில்லை. அவர் மகள் அதே முக்காட்டோடு வகுப்பறையில் அமர்ந்தபோதுதான் அது பிரச்சினையாயிற்று.

1905இல் நடந்த விவாதம்

பிரான்ஸில் மதத்தையும் அரசையும் பிரிக்கும் சட்டம் 1905 டிசம்பர் 9ஆம் நாள் நிறைவேறியது. அரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, எதற்கும் சம்பளம் தராது. ஆயினும் மனச்சாட்சிச் சுதந்திரத்தை அரசு உறுதி செய்யும் என்பது அதன் சாரம். அன்றைய மோதல் கத்தோலிக்கத் திருச்சபையோடுதான்.

அந்த விவாதத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி பலருக்குத் தெரியாது. பாதிரிமார்கள் அங்கியோடு தெருவில் நடமாடுவதைத் தடை செய்ய வேண்டும் என ஓர் உறுப்பினர் திருத்தம் கொண்டுவந்தார். சட்டத்தை வடிவமைத்த அரிஸ்தீத் பிரியான் அதை எதிர்த்தார். சுதந்திரத்தை நிலைநாட்ட வந்த சட்டம் மக்களின் ஆடையைத் திருத்தும் வேலையில் இறங்கினால் நகைப்புக்கே இடமாகும் என்பது அவருடைய வாதம். திருத்தம் தோற்றது. ஆக, மதச்சார்பின்மைக் கொள்கையைத் தோற்றுவித்தவர்களே, அது குடிமக்களின் ஆடையில் தலையிடுவதற்கு உரியதன்று என முடிவு செய்திருந்தார்கள்.

மூன்று மாணவியர், ஒரு நாடு

1989 செப்டம்பரில், பாரிஸுக்கு வடக்கேயுள்ள கிரெய் என்னும் ஊரில் மூன்று மாணவியர் முக்காட்டைக் கழற்ற மறுத்ததால் பள்ளிக்குள் அனுமதிக்கப்படவில்லை. ஒரு சிற்றூர்ப் பள்ளியின் விவகாரம் சில வாரங்களில் நாட்டின் தலைப்புச் செய்தியானது. கல்வி அமைச்சராக இருந்த லியோனல் ஜோஸ்பன், நாட்டின் உயர் நிர்வாக நீதி அமைப்பான அரசுப் பேரவையிடம் கருத்துக் கேட்டார். அதே ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் பேரவை பதிலளித்தது. மாணவர்கள் மத அடையாளம் அணிவது தன்னளவில் மதச்சார்பின்மைக்கு முரணானதன்று. பிறரை வற்புறுத்துதல், பிரச்சாரம், வகுப்புக்கு இடையூறு ஆகியவை இருந்தால் மட்டுமே பள்ளி தலையிடலாம் என்றது அது.

நியாயமான இந்தக் கருத்து பதினைந்தாண்டுகள் கூட நிலைக்கவில்லை. 1994இல் கல்வி அமைச்சர் ஃபிரான்ஸுவா பைரூ, எடுப்பாகத் தெரியும் அடையாளங்களைத் தடுக்குமாறு சுற்றறிக்கை அனுப்பினார். பல மாணவியர் நீக்கப்பட்டனர். சிலர் வழக்காடி வென்று பள்ளிக்குத் திரும்பினர்.

2003 ஜூலையில் குடியரசுத் தலைவர் ஜாக் ஷிராக், பெர்னார் ஸ்தாஸி தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். டிசம்பரில் அறிக்கை வந்தது. அரசுப் பள்ளிகளில் மத அடையாளங்களைத் தடை செய்யவும், அதோடு முஸ்லிம்களின் ஹஜ்ஜுப் பெருநாளையும் யூதர்களின் யோம் கிப்பூரையும் பள்ளி விடுமுறையாக்கவும் குழு பரிந்துரைத்தது. அரசு தடையை எடுத்துக்கொண்டது, விடுமுறையை விட்டுவிட்டது. 2004 பிப்ரவரி 10ஆம் நாள் தேசிய அவையில் 494 பேர் ஆதரித்தனர், 36 பேர் எதிர்த்தனர். மார்ச் 15ஆம் நாள் சட்டமாகி, செப்டம்பரில் பள்ளி திறந்தபோது நடைமுறைக்கு வந்தது.

முதலாண்டில் 47 மாணவர்கள் நீக்கப்பட்டதாக அரசின் அறிக்கை கூறியது. அவர்களுள் மூவர் தலைப்பாகையைக் கழற்ற மறுத்த சீக்கிய இளைஞர்கள். எண்ணிக்கை சிறிது என்று தோன்றலாம். ஆனால் பள்ளி வாசலில் தினந்தோறும் முக்காட்டைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, மாலையில் வாசலைத் தாண்டியதும் மீண்டும் அணிந்துகொண்ட மாணவியரின் கணக்கு அந்த 47இல் இல்லை. வீட்டிலிருந்தே அஞ்சல்வழி படிக்கச் சென்றவர்களின் கணக்கும் இல்லை. அச்சட்டம் தனியார் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்பதால், முக்காட்டைத் தடுக்காத கத்தோலிக்கப் பள்ளிகளைத் தேடிச் சென்ற முஸ்லிம் மாணவியரும் இருந்தனர்.

அந்த நெருக்கடியில் முஸ்லிம்களின் நிலை

சட்டம் நடைமுறைக்கு வரச் சில நாட்களே இருந்தபோது, 2004 ஆகஸ்டில், இராக்கில் இரு பிரெஞ்சுப் பத்திரிகையாளர்களை ஓர் ஆயுதக் குழு கடத்தியது. முக்காடு தடைச் சட்டத்தைத் திரும்பப் பெறாவிட்டால் அவர்களைக் கொல்வோம் என்று மிரட்டியது.

பிரான்ஸ் முஸ்லிம்களுக்கு அது பெரும் சோதனை. சட்டத்தால் பாதிக்கப்பட்டவர்கள் அவர்கள்தாம். எனினும் தங்கள் பெயரால் அப்பாவிகளின் இரத்தம் சிந்தப்படுவதை அவர்கள் ஒரு கணமும் ஏற்கவில்லை. சட்டத்தைக் கடுமையாக எதிர்த்த அமைப்புகளே முன்னின்று, கடத்தலைக் கண்டித்து, அவர்களை விடுவிக்கக் கோரின. முஸ்லிம் பேரவையின் பிரதிநிதிகள் பாக்தாத்துக்கே சென்று வேண்டினர். பத்திரிகையாளர்கள் இருவரும் டிசம்பரில் உயிரோடு நாடு திரும்பினர். அல்ஹம்து லில்லாஹ்!

சகோதரர்களே! ஒரு கூட்டத்தார் மீதுள்ள மனக்கசப்பு நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்துவிடக் கூடாது என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கும் பாடம். அந்தப் பாடத்தை அவர்கள் தம் வேதனையின் நடுவிலும் மறக்கவில்லை.

அதே காலம், வேறு நாடுகள்

மேற்குலகம் முழுவதும் ஒரே மாதிரியானது என்று எண்ணிவிடக் கூடாது. கிரெய் விவகாரம் நடந்த அதே காலத்தில், இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே ஒரு பெண்கள் பள்ளியிலும் இரு சகோதரியரின் முக்காடு பிரச்சினையாயிற்று. பள்ளி நிர்வாகம் 1990இல் ஒரு முடிவுக்கு வந்தது: பள்ளிச் சீருடையின் நிறத்தில் முக்காடு அணியலாம். நாடாளுமன்றம் வேண்டியிருக்கவில்லை, சட்டமும் வேண்டியிருக்கவில்லை. 2001இல் லண்டன் பெருநகரக் காவல்துறை தன் சீருடையிலேயே ஹிஜாபைச் சேர்த்துக்கொண்டது. அங்கும் எல்லைகள் உண்டு. சீருடைக்கு மாறாக ஜில்பாப் அணிவேன் என்று வழக்காடிய மாணவிக்கு எதிராக, 2006இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. முக்காட்டையும் ஷல்வார் கமீஸையும் அந்தப் பள்ளி ஏற்கெனவே அனுமதித்திருந்தது என்பதைத் தீர்ப்பு கருத்தில் கொண்டது.

அமெரிக்காவில், ஓக்லஹோமா மாநிலத்தின் மஸ்கோகீ நகரில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி 2003 அக்டோபரில் முக்காட்டுக்காகப் பள்ளியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டாள். தொப்பிகளுக்கு எதிரான விதியைப் பள்ளி அவள்மீது பாய்ச்சியது. 2004 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை அமைச்சகமே அந்தச் சிறுமியின் பக்கம் வழக்கில் நுழைந்தது. மே மாதத்தில் உடன்பாடு ஏற்பட்டு, மார்க்கக் காரணத்துக்காகத் தலையை மறைக்க அனுமதி கிடைத்தது. அதே மார்ச் மாதத்தில்தான் பிரான்ஸில் தடைச் சட்டம் கையொப்பமானது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அமெரிக்க முஸ்லிம்கள் பல அநீதிகளைச் சந்தித்துக்கொண்டிருந்த காலம் அது. அப்படியிருந்தும் சட்டத்தின் ஒரு கதவு திறந்திருந்தது. அந்தச் சிறுமியின் குடும்பம் அதைத் தட்டியது.

பின்னர், முக்காடு அணிந்த ஓர் இளம்பெண்ணுக்கு வேலை மறுத்த அபர்க்ராம்பி ஆடை நிறுவனத்துக்கு எதிரான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2015 ஜூன் முதல் நாள், எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நீதிபதிகள் அப்பெண்ணின் பக்கம் தீர்ப்பளித்தனர். வேலை கேட்டு அவர் சென்றது 2008இல். அப்போது அவருக்கு வயது 17. நியாயம் கிடைக்க ஏழாண்டுகள் ஆயின.

ஜெர்மனியில், ஆப்கானிஸ்தானில் பிறந்த ஆசிரியை ஃபெரிஷ்தா லூதின் முக்காட்டின் காரணமாகப் பணி மறுக்கப்பட்டு வழக்காடினார். தகுந்த சட்டம் இல்லாமல் தடுக்க முடியாது என 2003இல் அரசியல் சாசன நீதிமன்றம் கூறியது. உடனே 16 மாநிலங்களில் 8 மாநிலங்கள் தடைச் சட்டங்களை இயற்றின. சில சட்டங்கள் கிறித்தவ அடையாளங்களுக்கு மட்டும் விலக்களித்தன. 2015இல் அதே நீதிமன்றம் பொதுப்படையான தடை செல்லாது, ஒரு மதத்துக்கு மட்டும் சலுகை தருவதும் செல்லாது என்று திருத்தியது. பன்னிரண்டு ஆண்டுகள் பொறுமையோடு காத்திருந்தவர்களுக்குக் கிடைத்த நியாயம் அது.

இன்னொரு செய்தியையும் மறைக்கலாகாது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் துருக்கியிலேயே பல்கலைக்கழகங்களில் முக்காடு நீண்ட காலம் தடுக்கப்பட்டிருந்தது. அந்த வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட மாணவியருள் சிலர் அமெரிக்காவுக்குச் சென்று முக்காட்டோடு படித்தனர். அநீதி ஒரு திசைக்கு மட்டும் சொந்தமன்று, நீதியும் அப்படித்தான்.

மர்வாவின் ஷஹாதத்

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வாழ்ந்த எகிப்தியச் சகோதரி மர்வா அல்ஷர்பீனி ஒரு மருந்தியல் பட்டதாரி. 2008இல் சிறுவர் பூங்கா ஒன்றில் ஊஞ்சல் தொடர்பான பேச்சில் ஒருவன் அவரை முக்காட்டுக்காகத் தீவிரவாதி என்று இழித்துரைத்தான். மர்வா பதிலுக்கு வசைபாடவில்லை, சட்டத்தை நாடினார். 2009 ஜூலை முதல் நாள், நீதிமன்ற அறைக்குள்ளேயே அவன் அவரைக் கத்தியால் பலமுறை குத்திக் கொன்றான். அப்போது அவர் கருவுற்றிருந்தார். மூன்று வயது மகன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். காப்பாற்றப் பாய்ந்த கணவரும் குத்தப்பட்டார். ஆளை மாற்றிப் புரிந்துகொண்ட காவலர் அவரையே சுட்டுக் காயப்படுத்தினார். அதே ஆண்டு நவம்பரில் கொலையாளிக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

அல்லாஹ் அந்தச் சகோதரிக்கு ஷஹீதுகளின் அந்தஸ்தை வழங்குவானாக! வெறுப்புப் பேச்சு எங்கே சென்று முடியும் என்பதை ஐரோப்பாவுக்கு உணர்த்தியது அந்த மரணம்.

திறந்த வாசல்கள்

இவ்வளவு எதிர்ப்புக்கு நடுவிலும் வாசல்கள் திறந்துகொண்டே இருந்தன. திறந்தவர்கள் பெரும்பாலும் பெண்களே.

கால்பந்தாட்டத்தில் முக்காடு ஆபத்தானது என்று சொல்லப்பட்டு, 2011இல் ஈரான் பெண்கள் அணி ஒலிம்பிக் தகுதிப் போட்டியிலேயே ஆட விடப்படவில்லை. பின்னர் 2012இல் சோதனையாகவும் 2014இல் நிரந்தரமாகவும் அனுமதி கிடைத்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் வாள்வீச்சு வீராங்கனை இப்திஹாஜ் முஹம்மது ஹிஜாபோடு அமெரிக்காவுக்காகக் களமிறங்கி வெண்கலப் பதக்கம் பெற்றார். 2023 பெண்கள் உலகக் கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பென்ஸீனா ஹிஜாபோடு ஆடினார்.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் தலையை மறைத்து அமரக் கூடாது என்ற விதி 1837 முதல் இருந்து வந்தது. இல்ஹான் உமர் தேர்ந்தெடுக்கப்பட்டபின், 2019 ஜனவரியில் மார்க்கக் காரணங்களுக்காக அது தளர்த்தப்பட்டது. ஓர் அகதிச் சிறுமியாக அந்நாட்டுக்கு வந்தவருக்காக 181 ஆண்டு விதி வழிவிட்டது.

2019 மார்ச் 15, ஜும்ஆ நாளில் நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகர மஸ்ஜிதுகளில் 51 பேர் ஷஹீதாக்கப்பட்டபோது, பிரதமர் ஜசிந்தா ஆர்டன் தலையில் முக்காடு இட்டு, பாதிக்கப்பட்ட குடும்பத்தாரைக் கட்டியணைத்து ஆறுதல் கூறினார். அடுத்த ஜும்ஆவில் அந்நாட்டின் முஸ்லிமல்லாத பெண்கள் பலர் முக்காடு அணிந்து துணை நின்றனர். 2020இல் நியூஸிலாந்துக் காவல்துறையின் சீருடையில் ஹிஜாப் சேர்ந்தது. நமக்குத் துணை நின்றவர்களை நன்றியோடு நினைப்பது நம் மார்க்கப் பண்பு.

பிரான்ஸில் தொடரும் சோதனை

பிரான்ஸில் வாசல் மேலும் குறுகியது. 2010 அக்டோபரில் பொது இடங்களில் முகத்தை மறைப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. மீறினால் 150 யூரோ வரை அபராதம். 2020இல் தொற்றுநோய்க் காலத்தில் அதே அரசு அனைவரும் முகக்கவசம் அணிய வேண்டும் என்று ஆணையிட்டது. முகத்தை மூடினால் சமூக வாழ்வே குலைந்துவிடும் என்ற வாதம் என்னவாயிற்று என்று பலர் கேட்டனர்.

2016 ஜூலையில் நீஸ் நகரில் நடந்த கொடிய தாக்குதலுக்குப் பின், கடற்கரைகளில் உடல் முழுவதையும் மறைக்கும் நீச்சலுடையைச் சுமார் 30 ஊராட்சிகள் தடை செய்தன. ஆகஸ்ட் 26ஆம் நாள் அரசுப் பேரவை தலையிட்டு, அது அடிப்படைச் சுதந்திரத்தை மீறுகிறது என்று ஒரு தடையை நிறுத்தி வைத்தது. 2023இல் பள்ளிகளில் நீண்ட அபாயா ஆடையும் தடுக்கப்பட்டது. இம்முறை பேரவை தடையை ஏற்றது. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கை நடத்திய பிரான்ஸ், பிற நாட்டு வீராங்கனைகள் ஹிஜாபோடு ஆடியபோதும் தன் நாட்டு வீராங்கனைகளுக்கு அந்த உரிமையைத் தரவில்லை.

ஆனால் முடங்கிவிடாதவர்களும் அங்கே இருக்கிறார்கள். 1994இல் லில் நகரப் பள்ளியொன்றிலிருந்து மாணவியர் நீக்கப்பட்டபோது, அவ்வூர் மஸ்ஜிதில் அவர்களுக்குப் பாடம் நடத்த ஏற்பாடு செய்யப்பட்டது. அந்த முயற்சி வளர்ந்து, 2003இல் ஒரு சில மாணவர்களுடன் இப்னு ருஷ்து அவர்களின் பெயரால் ‘அவெரோஸ்’ உயர்நிலைப் பள்ளியாக உருவெடுத்தது. பத்தாண்டுகளில் தேர்ச்சி விகிதத்தில் நாட்டின் முன்னணிப் பள்ளிகளுள் ஒன்றாக அது பேசப்பட்டது. தடையைக் கண்டு புலம்பியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பிள்ளைகளின் படிப்பு ஒரு நாள் கூடக் கெட்டுவிடக் கூடாது என்று கவலைப்பட்டார்கள்.

நாம் பெறும் படிப்பினைகள்

கண்ணியமிக்க சகோதரர்களே! இவ்வரலாற்றிலிருந்து நாம் எதைப் பெற்றுக்கொள்வது?

முதலாவது, முக்காடு கட்டாயத்தால் வருவதன்று, ஈமானால் வருவது. உங்களை யார் வற்புறுத்தினார்கள் என்பதே மேற்குலகம் நம் பெண்களிடம் ஓயாமல் கேட்கும் கேள்வி. அதற்குத் தந்தையோ கணவரோ சொல்லும் பதிலை எவரும் பொருட்படுத்துவதில்லை. அந்தப் பெண் தன் வாயால் தெளிவோடு சொல்லும் பதில்தான் நிற்கிறது. ஆகவே பெற்றோர்களே! மகளின் தலையில் துணியைப் போடுவதற்கு முன், அவள் உள்ளத்தில் அதன் பொருளைப் போடுங்கள். அச்சத்தால் அணிந்தவள் வாசல் தாண்டியதும் கழற்றுவாள். அறிந்து அணிந்தவள் பாரிஸிலும் அதற்காகப் போராடுவாள்.

இரண்டாவது, கல்வியை விட்டுவிடக் கூடாது. மஸ்கோகீ குடும்பம் நீதிமன்றம் சென்றது. லில் மக்கள் பள்ளி கட்டினார்கள். முக்காட்டைக் காரணம் காட்டி மகளின் படிப்பை நிறுத்திவிடும் தந்தையோ, முக்காட்டைத் தடுக்க நினைப்பவர்கள் விரும்பியதைத் தம் கையாலேயே முடித்துக் கொடுத்துவிடுகிறார்.

மூன்றாவது, ஆண்களின் பங்கு. சூரத்துந் நூரில் 30ஆம் வசனம் 31ஆம் வசனத்துக்கு முன்னே நிற்கிறது. பெண்களின் முக்காட்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம், நம் கண்களையும் நம் கைப்பேசியையும் பற்றி எவ்வளவு நேரம் பேசுகிறோம்? வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் நவின்றது இரு பாலார்க்கும் பொதுவானது.

நான்காவது, நீதியும் நல்லொழுக்கமும். நபித்துவத்தின் தொடக்க காலத்தில் மக்காவின் கொடுமை தாளாமல் ஆண்களும் பெண்களும் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்றார்கள். நபியவர்களின் அருமை மகளார் ருகய்யா (ரலி), உம்மு ஸலமா (ரலி), அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) போன்ற பெண்மணிகள் ஒரு கிறித்தவ நாட்டில் சிறுபான்மையினராக வாழ்ந்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்புமாறு குறைஷியர் தூதர்களை அனுப்பியபோது, ஜஅஃபர் (ரலி) அவர்கள் மன்னர் நஜ்ஜாஷியின் முன் நின்று, தங்கள் மார்க்கம் இன்னதெனப் பணிவோடும் தெளிவோடும் எடுத்துரைத்தார்கள். மன்னர் செவிமடுத்தார்; அடைக்கலத்தை உறுதி செய்தார். மேற்குலகில் நஜ்ஜாஷியைப் போன்றோரும் உள்ளனர். 1990இல் முக்காட்டைச் சீருடை நிறத்தில் ஏற்ற பள்ளி நிர்வாகிகளும், எட்டுக்கு ஒன்று என்று தீர்ப்பளித்த நீதிபதிகளும் முஸ்லிம்கள் அல்லர். அத்தகையோரின் உள்ளத்தைத் திறப்பது நம் சொல்லும் நம் நடத்தையுமே.

ஓர் ஆடையை ஒரு சமுதாயம் ஏற்றுக்கொள்வது என்பது, அதை அணிந்தவரை மருத்துவராக, ஆசிரியராக, அண்டை வீட்டாராகப் பல நாள் பார்த்துப் பழகியபின் அந்த ஆடை கண்ணுக்கு உறுத்தாமல் போவதுதான். இந்தப் பழக்கத்தை அந்நாடுகளில் நம் சகோதரிகள் அன்றாடம் பேருந்தில் ஏறியும், வகுப்பறையில் அமர்ந்தும், மருத்துவமனையில் நோயாளியின் கையைப் பிடித்தும் உண்டாக்கி வருகிறார்கள். அவர்கள் அனைவரும் நம் துஆவுக்கு உரியவர்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பெண்மக்களுக்கு ஈமானின் உறுதியையும் கல்வியின் ஒளியையும் ஒருங்கே வழங்குவாயாக! அந்நிய நாடுகளில் உன் கட்டளையைப் பேணி வாழும் எங்கள் சகோதரிகளின் கண்ணியத்தையும் உயிரையும் காப்பாயாக! எங்கள் ஆண்மக்களின் பார்வையைத் தூய்மைப்படுத்துவாயாக! நீதியோடு எங்களுக்குத் துணை நின்ற அனைவருக்கும் நல்வழி காட்டுவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.